ஆறாம் பாட்டுக்கும் ஏழாம் பாட்டுக்கும் இடையில்

எங்கள் இசைக்குழுவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயரை வைத்தது நான். இன்றைக்கு அதை வைத்திருப்பது அவன். கேட்டால் கொடுத்துவிடுவான், கேட்கத்தான் எனக்கு வாய் வரவில்லை.

குழு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, நானும் அவனும் இரண்டே பேர். அவன் கீபோர்ட் வாசிப்பான், பாடுவான், கமெராவும் பிடிப்பான். நான் லப்டொப்பில் தாளம் கட்டுவேன். கிளிநொச்சி டவுனில் ஒரு கொமினிகேசன் கடையில் எனக்கு வேலை. போட்டோக் கொப்பி அடித்து, பாஸ்போட் படத்துக்கு ஆட்களை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, போனுக்கு ரீலோட் போட்டு, ஆளில்லாத நேரத்தில் ஹெட்செற்றை மாட்டிக்கொள்வேன். ஊரில் எங்கள் பாட்டுக்கு 'மிசின் பாட்டு' என்று பெயர். "மிசினு பாடுது, நீங்க ரெண்டு பேரும் என்னத்தப் பண்றீங்க?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. இணையத்தில் இறக்கிய சத்தம் எதையும் பாட்டில் சேர்க்கக்கூடாது. சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் கேட்கிற சத்தம்தான் தாளமாக வேண்டும். அரிசி மில்லின் பெல்ட் அடிபடுவது, வாய்க்கால் கல்லில் உடுப்புத் தோய்ப்பது, தண்ணீர் இறைக்கிற மிசின் நிற்கும்போது விடுகிற கடைசி இருமல், எல்லாவற்றையும் போனில் பதிந்து வந்து, வெட்டி, ஒட்டி, திருப்பித் திருப்பி ஓடவிடுவேன். மில்காரர் தன் மில்லைப் பாட்டிலேயே அடையாளம் கண்டுவிட்டார். "பெல்ட் தேஞ்சு போச்சுப் பிள்ளை, உங்கட பாட்டிலதான் வடிவாக் கேட்டுது" என்று அடுத்த கிழமையே மாற்றிவிட்டார். அந்தச் சத்தம் இப்போது எங்கள் பாட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வயலில் கதிர் பால் பிடிக்கிற நாட்களில் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். விடிந்ததும் வயலுக்கு வயல் தகரம் தட்டுவார்கள். தட்டுவது என்றால் சும்மா தட்டுவதுதான், கிளிக்கு என்ன சங்கீதமா தெரியும்? அப்பாவும் தட்டுவார். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் நான் அதைக் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. ஒருநாள் காலை அவருக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது, தவளைச் சத்தம் வேண்டுமென்று போனைப் பதிவில் போட்டபடி வரம்பில் நடந்தேன். காவல் கொட்டிலடியில் அப்பா எண்ணெய்த் தகரத்தை இடுப்பளவில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கையில் தடித்த குச்சி, மற்றக் கையில் மெல்லிய மூங்கில் சிம்பு, இரண்டாலும் அடித்துக்கொண்டு நின்றார். கிளிகள் எழும்பிப் போய்விட்டன. அப்பா நிறுத்தவில்லை. ஒரு கை கேட்க மற்றக் கை பதில் சொல்லிச் சொல்லி அது ஏறிக்கொண்டே போனது. என்னைக் கண்டதும் குச்சிகளைக் கூரைக் கிடுகுக்குள் செருகிவிட்டு, "என்ன, சம்பலா?" என்று சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார்.

அன்று பின்னேரமே பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் ஹெட்செற்றைக் கழற்றவே இல்லை. "இது ஆர்? இதுக்கு வீடியோ எடுக்காட்டி நாங்கள் மனுசரே இல்லை" என்றான். அப்பாவிடம் கேட்டேன். மூன்று முறை வேண்டாம் என்றார். நாலாம் முறை அவனே வந்து கேட்டான். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"கை மட்டும் எடுங்கோ தம்பி. முகம் வேண்டாம். ஆர் அடிச்சதெண்டும் போடக்கூடாது."

"சரி ஐயா, கை மட்டும்தான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு கலவரத்தில் அடிபட்டு இறங்கி வந்து, செட்டிகுளத்தில் கூலிக்கு நின்று, பிறகு இந்தக் குளத்தடியில் காணி கிடைத்து வயல்காரர் ஆனவர். எங்கள் வாய்க்கால் ஓர வீடுகளில் மற்ற எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். நாங்கள் மலையகத்து ஆட்கள் என்பது ஊருக்குத் தெரியும். மலையில் நாங்கள் என்ன ஆட்கள் என்பது தெரியாது. சாடைமாடையாகக் கேட்டவர்களுக்கு அப்பா ஒரு சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுப்பார். வாசல் படலைக்கு வெளியே 'ஓம்', படலைக்கு உள்ளே 'ஆமா' என்று அவருக்கு இரண்டு நாக்கு.

சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது பொதுச் சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்பா பெரிய சோற்றுக் கிடாரத்தடியில் போய் நின்றார். பசியில் யாரும் யாருடைய கையையும் பார்க்கவில்லை. ஊர் முழுக்க அவர் போட்ட சோற்றைத் தின்றது. திரும்பி வந்து பிள்ளையார் கோயிலில் முதல் அன்னதானம் நடந்தபோது, முகாமில் பிடித்த அகப்பை தானாகவே அவர் கைக்கு வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் சோறு அப்பாவின் பொறுப்பு. அவரே வடித்து, அவரே வரிசையில் குனிந்து குனிந்து தாமரை இலைகளில் போடுவார். "ஐயா, இன்னும் கொஞ்சம்" என்று கோயில் தலைவரே இலையை முன்னுக்கு இழுத்து வைப்பார். அப்பாவுக்குப் பட்டம் பதவி ஒன்றும் இல்லை. அந்த அகப்பைதான் இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஆனால் அது ஏன் இருக்கிறது, எதைச் சொன்னால் போய்விடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வீடியோ எடுத்த அன்று அம்மா தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வயலுக்குக் கொண்டு வந்தார். அவன் எங்கள் வீட்டு ரொட்டிக்கு அடிமை. குசினிக்குள் வந்து, பலகையில் குந்தி, கல்லிலிருந்து நேரே எடுத்துத் தின்கிற உரிமை அவனுக்கு இருந்தது. அன்று கையைப் படம் எடுத்து முடித்த பிறகு, கமெராவை உரப் பையின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவோடு கொட்டிலுக்குள் தேத்தண்ணி குடித்தான். அவன் அந்தத் தாளத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்கத் தொடங்கியபோது நான் வாய்க்காலடிக்குப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வரும்போது அப்பா கதைத்து முடித்திருந்தார். கடைசித் துண்டுதான் என் காதில் விழுந்தது.

"இது எங்கையும் போகக்கூடாது தம்பி."

"சீ, கமெரா ஓஃப் ஐயா."

நானும் அந்தக் கமெராவைப் பார்த்தேன். களைத்துப்போன ஆள் மாதிரி உரப் பையில் சாய்ந்து கிடந்தது. அப்படிக் கிடக்கிற ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்? அப்பாவின் முகத்தில் நான் முன்பு காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. இவ்வளவு காலத்தில் "இது ஆரிட்டப் பழகினது ஐயா?" என்று அவரிடம் மனதாரக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அன்று அவனில் பட்சம் கூடிப்போனது.

பிறகு அவன் படிக்கவென்று கனடா போனான். போகும்போது எல்லாப் பதிவுகளையும் கொண்டுபோனான். அங்கிருந்து கொண்டு எங்கள் எட்டுப் பாட்டு வீடியோக்களையும் ஒன்றாகக் கோத்து, நிறம் திருத்தி, சத்தம் திருத்தி, ஒரு தொகுப்பாக வெளியிடுவதாகச் சொன்னான். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் வயல், குளம், மழை என்று சின்னச் சின்னக் காட்சிகள் வருமாம். எனக்கு முதலில் அனுப்பச் சொன்னேன். "பொறு, சர்ப்பிரைஸ்" என்றான். அங்கே ஒரு மண்டபத்தில் வெளியீடு, அடுத்த நாள் யூரியூப்பில். நானும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சனம் எங்கள் பாட்டைப் பெரிதாகப் பார்க்கவேண்டும் என்று, யூரியூப்பில் வருகிற அன்றைக்கே சனசமூக நிலையத்தைக் கேட்டு எடுத்து, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, புரொஜெக்டர் இரவல் வாங்கி, கடையிலேயே நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். அப்பா மடிப்புக் கலையாமல் மினுக்கின சேட்டோடு முன்வரிசையில் கோயில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தார். லப்டொப் என் மடியில்.

முதல் பாட்டிலேயே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. தங்கள் மாட்டைக் கண்டவர்கள், தங்கள் உழவு மிசினைக் கண்டவர்கள், வாய்க்காலில் தோய்க்கிற தன் முதுகைத் தானே கண்ட ஒரு அக்கா. அவன் உண்மையில் வடிவாகச் செய்திருந்தான். அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் போனில் பிடித்த சின்னச் சத்தங்கள் சுவரை உலுக்கின. நாங்கள் ஏதோ செய்திருக்கிறோம் என்று முதல் தடவையாக எனக்கே பட்டது.

ஆறாம் பாட்டு தகரம். இரண்டு கை, இரண்டு குச்சி, பின்னால் பச்சையாக வயல். யாருடைய கை என்று தெரியாமலே பின்வரிசை விசில் அடித்தது. அப்பா தலையைக் குனிந்து வேட்டிக்கரையை நீவிக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்து திரை இருண்டது. ஏழாம் பாட்டின் மழைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

அப்பாவின் முகம் வந்தது. சுவர் முழுக்க அவர் முகம், கையில் தேத்தண்ணிக் கோப்பை, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது.

"எங்கப்பா லயத்துல தப்படிக்கிற ஆளு. சாவுன்னாலும் எங்களத்தான் கூப்புடுவாங்க, காமன் கூத்துன்னாலும் எங்களத்தான் கூப்புடுவாங்க. கீழ எறங்கி வர்றப்ப அப்பா சொல்லிட்டாரு, இனிமே நம்ம கையில இது இருக்கக்கூடாது, போற எடத்துல நாம வெறும் மனுசனா இருப்போம்னு. தப்பப் பாலத்துக்குக் கீழ போட்டுட்டுத்தான் வந்தோம். நான் அப்ப சின்னப் பய. போட்டாலும், கை மறக்குமா தம்பி?"

படலைக்கு உள்ளே மட்டும் இருந்த நாக்கு ஊருக்கு நடுவில் கதைத்துக்கொண்டிருந்தது. என் விரல் நிறுத்துகிற பொத்தானில் நின்றது. நிறுத்தினால், இங்கே ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று நானே எழும்பி நின்று அறிவித்ததாகும். விட்டால் எல்லாம் போய்விடும். முடிவெடுப்பதற்குள் அது முடிந்துவிட்டது. 'வன்னி மண்ணின் பறையொலி' என்று எழுத்து விழுந்து, அதன்கீழ் அப்பாவின் முழுப் பெயரும் விழுந்தது. பிறகு மழை தொடங்கியது.

சனம் கை தட்டியது. பலமாகத் தட்டியது. கோயில் தலைவர் அப்பாவின் தோளில் கையை வைத்து, "இவ்வளவு காலமும் எங்களுக்குச் சொல்லேல்லையே ஐயா!" என்றார். அப்பா சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. ஏழாம் எட்டாம் பாட்டுகள் எப்படி இருந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும்போது அப்பா சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பெடியன் கமெரா ஓஃப் எண்டு சொன்னவன் எல்லே?"

"ஓம் அப்பா. நானும் கேட்டனான்."

அடுத்த நாள் அவனுக்கு அழைத்தேன். எடுத்ததும் அவன் சந்தோசத்தில் கத்தினான்.

"இஞ்ச எல்லாரும் அழுதவை தெரியுமே! உங்கட ஐயான்ர துண்டுக்குத்தான் ஹோல் எழும்பி நிண்டு கை தட்டினது."

"கமெரா ஓஃப் எண்டு நீதானே சொன்னனி."

"ஓஃப் எண்டுதான் நினைச்சனான். பிறகு பாக்கேக்கை இருந்துது. அவ்வளவு வடிவான கதையை எறிஞ்சு போடச் சொல்லுறியா?"

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம் எண்டிருப்பாய்."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. கேட்டால் மறுப்பேன் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. களவு எடுப்பவனும் இதைத்தான் சொல்வான். நான் வாயில் வந்ததெல்லாம் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குப் புத்தி சொன்னான்.

"நீ ஏன் வெக்கப்படுறாய்? அது கலை. அதை ஒளிக்கிறதுதான் பிழை. இந்தக் காலத்திலை ஆர் அதெல்லாம் பாக்கினம்?"

"நாங்கள் வெக்கப்படேல்லை. உன்ர வீட்டுக் கதையைச் சொல்லிப் பெருமைப்படு. எங்கட கதையில பெருமைப்பட்டா உனக்கு ஒண்டும் போகாது. போறதெல்லாம் எங்கட வீட்டிலயிருந்துதான் போகும்."

"வேணுமெண்டா அந்தத் துண்டை இப்ப எடுத்துவிடுறன்."

சோற்றைக் கொட்டிவிட்டுப் பானையை நிமிர்த்தி வைக்கிறேன் என்றான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்று சொல்வார்கள். இவன் எங்கள் குசினிக்குள் குந்தியிருந்து உண்டவன். உண்டதற்குப் பக்கத்திலேயே கமெராவையும் சாய்த்து வைத்திருந்தான். நான் அழைப்பைத் துண்டித்தேன்.

ஊரில் யாரும் ஒரு சொல் பிழையாகச் சொல்லவில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். மாறாக, எல்லாரும் முன்பைவிட மரியாதையாக இருந்தார்கள். சந்தியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு வாத்தியார் வீடு தேடி வந்து அப்பாவோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். "இப்பதான் குடிச்சிட்டு வாறன் அம்மா" என்று அவர் கோப்பையைத் தொடாமல் வைத்துவிட்டுப் போனார். உண்மையாகவே குடித்துவிட்டு வந்திருக்கலாம். அப்படித்தான் அம்மா சொன்னார்.

ஆவணிச் சதுர்த்தி வந்தது. அப்பா வழக்கம்போல் விடியவே முழுகி, வேட்டி கட்டி, தோளில் துவாயோடு கோயிலுக்குப் போனார். நானும் அம்மாவும் பூசை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிடாரம் அடுப்பில் ஏறியிருந்தது. அகப்பையோடு நின்றவர் அப்பா இல்லை. அப்பா மடப்பள்ளி வாசலில், இரண்டு கையும் வெறுமனே தொங்க, நின்றுகொண்டிருந்தார். தலைவர் விரைந்து வந்து அவருடைய கையைப் பிடித்தார். கையைப் பிடித்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஐயா, நீங்கள் கலைஞர். ஏன் நெருப்புக்குள்ள நிண்டு கஷ்டப்படுறியள்? பெடியள் பாப்பினம். நீங்கள் இஞ்ச வந்து இருங்கோ."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை" என்றார் அப்பா.

"இல்லை இல்லை, இவ்வளவு நாளும் செய்தது காணும், இனிப் போதும்."

வேப்பமர நிழலில் கதிரை போட்டு அப்பாவை இருத்தினார்கள். மைக்கில் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். மண்ணின் கலைஞர் என்றார்கள், எங்கள் கிராமத்தின் பெருமை என்றார்கள், அடுத்த திருவிழாவுக்கு ஐயா வெளிவீதியில் வாசிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். கோயிலுக்கு உள்ளே அல்ல, வெளிவீதியில் என்று சொன்னார்கள். ஒருவர் அடித்தால் அழலாம், ஏசினால் திருப்பி ஏசலாம். பொன்னாடை போர்த்தினால் என்ன செய்வது? நான் முழுக் கோபத்தோடும் நின்றேன், அதை வைக்க ஒரு இடம் இல்லாமல் நின்றேன்.

பந்தி வைத்தார்கள். சனம் வரிசையாக நிலத்தில் இருந்தது. ஒரு புது ஆள் குனியத் தெரியாமல் சோற்றை உயரத்திலிருந்து இலையில் போட்டுக்கொண்டு போனார். அப்பாவுக்கு மட்டும் கதிரைக்கே இலை வந்தது. மடியில் பொன்னாடை, பொன்னாடைமேல் தாமரை இலை. ஊரே எவர் கையால் வாங்கித் தின்றதோ அந்த மனிதர், ஊரைப் பார்த்தபடி தனியாக உயரத்தில் இருந்து சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்ததாக நான் காணவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் போன் அடித்தது. யாரோ எடுத்துப் போட்ட பொன்னாடைப் படம் எங்களுக்கு முன்பே கனடா போய்ச் சேர்ந்திருந்தது. வட்ஸ்அப்பில் அவனுடைய குரல்: "பாத்தியா! ஊர் எப்பிடிக் கொண்டாடுது எண்டு பார். நான் அப்பவே சொன்னனான்தானே. ஐயாவுக்கு என்ர வாழ்த்தைச் சொல்லு." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் படத்தில் பொன்னாடை மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் அவ்வளவு ரொட்டி தின்றும் அந்தக் கையில் இல்லாத அகப்பை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

குரல் பலமாகக் கேட்டுவிட்டது. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் பொன்னாடையை மடிக்காமல் கொடியில் போட்டுவிட்டு, குசினிக்குள் வந்து, அவன் வழக்கமாகக் குந்துகிற பலகையைக் காலால் தள்ளிவிட்டு நிலத்தில் இருந்தார். அம்மா காலைச் சோற்றைத் தட்டில் போட்டு வைத்தார். அப்பா தட்டைப் பார்த்தபடி என்னிடம் கதைத்தார். கோபம் இல்லை, குற்றம் சாட்டுகிற குரலும் இல்லை.

"அந்தக் கதைய நான் யார்ட்டயும் சொன்னதில்ல புள்ள. உங்கம்மாட்ட கூட முழுசா சொன்னதில்ல. நீ கூட்டிட்டு வந்த பையன்னுதான் வாயத் தெறந்தேன்."

பிறகு அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.